சீட்டு எங்கே?

வங்கியில் 34 ஆண்டு வேலை பார்த்துவிட்டு, இப்போது வாலாஜாபாத் பக்கம் இரண்டு ஏக்கரில் தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் போடுகிறேன். வேலையை விட்டாலும் கணக்கு என்னை விடவில்லை. எங்கள் உழவர் குழுவின் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

போன தணிக்கையில் ஆடிட்டர் ஒரு வரியில் விரலை வைத்தார். ‘வேப்பம் புண்ணாக்கு 500 கிலோ, ரூ.18,000, ரொக்கம்.’ "இதுக்கு சீட்டு எங்கே சார்?" என்றார். இல்லை. வாங்கி வந்தவர் எங்கள் செயலாளர், அடுத்தவர் காசைத் தொடாத மனிதர். ஆனாலும் கூட்டத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். "இந்தப் பொறுப்பே எனக்கு வேணாம்" என்று எழுந்துவிட்டார். பில் கேட்காமல் நோட்டில் எழுதியது நான். தப்பு என்னுடையது.

நோட்டில் எழுதியது நாம் சொல்வது மட்டுமே. அது நடந்தது என்று காட்டுவது சீட்டு. ஒவ்வொரு வரிக்கும் சீட்டை எடுத்து ஒத்துப் பார்ப்பதைத்தான் ஆடிட்டர்கள் ‘வவுச்சிங்’ என்கிறார்கள். சீட்டில் அவர்கள் பார்ப்பது இவை:

• தேதி இந்தக் கணக்கு ஆண்டுக்குள் இருக்கிறதா?
• பில் குழுவின் பெயரில் இருக்கிறதா, தனி ஆள் பெயரிலா?
• அளவு, விலை, கூட்டுத்தொகை சரியா? அடித்துத் திருத்தி இருக்கிறதா?
• செலவுக்கு ஒப்புதல் கொடுத்தவர் கையெழுத்து உண்டா?
• பணம் வாங்கியவர் கையெழுத்து உண்டா? ரூ.5,000-க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறதா?
• சரியான தலைப்பில் எழுதியிருக்கிறதா? களையெடுக்கும் கருவி வாங்கியது சொத்து. அதற்கு டீசல் போட்டது செலவு.

பணம் கொடுத்ததும் பில்லின் மேல் ‘கொடுத்தாயிற்று’ என்று எழுதிவிடுங்கள். ஒரே பில் இரண்டு முறை கணக்கில் ஏறாது.

இதைத் தலைகீழாகவும் பார்ப்பார்கள். ரசீது புத்தகத்தின் அடிக்கட்டையை எடுத்து, வரிசை எண்படி ஒவ்வொன்றும் நோட்டில் வரவாக ஏறியிருக்கிறதா என்று தேடுவார்கள். நோட்டிலிருந்து சீட்டுக்குப் போனால் பொய்ச் செலவு தெரியும். சீட்டிலிருந்து நோட்டுக்கு வந்தால் மறைந்த வரவு தெரியும்.

எல்லாச் சீட்டுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. நாமே எழுதிக்கொள்ளும் துண்டுச்சீட்டைவிட வெளியார் கொடுத்த பில்லுக்கு பலம் அதிகம். நடவு ஆட்கள் கூலிக்கு யாரும் பில் தரமாட்டார்கள். அங்கே நாமே வவுச்சர் எழுதி, பெயர், நாள், வேலை, தொகை போட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும்.

இயற்கை உழவருக்கு இது பணக் கணக்கோடு முடிவதில்லை. சான்றளிப்புக்கு வருகிறவர்களும் இடுபொருள் பில்லையும் பண்ணைக் குறிப்பேட்டையும்தான் கேட்கிறார்கள். புண்ணாக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால், வயலில் என்ன போட்டோம் என்பதற்கும் சாட்சி இல்லை. 20 மூட்டை விளைந்த நிலத்துக்கு 30 மூட்டை விற்ற ரசீது இருந்தால், மிச்சம் யார் நெல் என்ற கேள்வி வரும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தொல்லை என்று சிலர் சொல்வதுண்டு. எங்கள் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைக்கு எழுதக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் புண்ணாக்குக்கு வருவோம். எடைமேடைச் சீட்டு கிடைத்தது, ஆனால் எழுத்து மங்கி வெறும் தாளாக இருந்தது. அந்த மாதிரிச் சீட்டை அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். கடைசியில் காப்பாற்றியது இருப்பு நோட்டு. தலா 50 கிலோ வாங்கிக்கொண்ட பத்து பேரும் அதில் கையெழுத்து போட்டிருந்தார்கள். அதைக் காட்டி, விற்ற செக்கில் பில் நகலும் வாங்கினோம். ஆடிட்டர் ஒத்துக்கொண்டார்.

செயலாளரைச் சமாதானப்படுத்தப் பத்து நாள் ஆயிற்று. இப்போது பில் வராமல் நான் வரி எழுதுவதில்லை. "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று யாராவது கேட்டால், "உங்க மேல யாரும் பேசக் கூடாதுன்னுதான் கேட்கிறேன்" என்கிறேன்.