மணத்தக்காளிதானா? பூவைக் கேளுங்கள்!

மழை பெய்து சில வாரம் ஆனதும் கொல்லைப்புறம், கிணற்றடி, வேலியோரம் என்று பார்க்கும் இடமெல்லாம் செடிகள் முளைத்துவிடும். யாரும் விதைக்காமலே வந்த அந்தக் கூட்டத்தில், முழங்கால் உயரத்தில், மிளகு போன்ற கறுப்புப் பழங்களோடு ஒரு செடி நின்றால் உடனே கை நீளும். "ஹை, மணத்தக்காளி!"

கொஞ்சம் பொறுங்கள் குட்டீஸ். அது மணத்தக்காளிதான் என்று எப்படித் தெரியும்?

கறுப்பாக இருக்கிறதே என்கிறீர்களா? உண்ணிச்செடியின் பழமும் பழுத்தால் கறுப்புதான். மணத்தக்காளியிலேயே பழுத்தால் செம்மஞ்சளாகிற வகையும் உண்டு. நிறத்தை நம்பினால் ஏமாந்து போவீர்கள்.

முதலில் பூவைப் பாருங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன வெள்ளைப் பூ. ஐந்து இதழ்களும் நட்சத்திரம் போல விரிந்து, பின்பக்கம் மடங்கியிருக்கும். நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் ஒன்றுசேர்ந்து மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் தக்காளிச் செடியோ கத்தரிச் செடியோ இருந்தால் அதன் பூவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஜாடை! எல்லாம் கத்தரிக் குடும்பத்துச் சொந்தக்காரர்கள்தான்.

அடுத்து, பூங்கொத்து எங்கிருந்து கிளம்புகிறது? இலைக்காம்பின் இடுக்கிலிருந்து அல்ல. அதற்குச் சற்றுத் தள்ளி, வெறும் தண்டிலிருந்து! ஒரே காம்பின் நுனியில் நான்கைந்து காய்கள் குடைக்கம்பி போலப் பிரிந்து தொங்கும். தண்டில் முள் இருக்காது.

இந்த அடையாளங்கள் தெரிந்துவிட்டால் சொந்தக்காரர்களைப் பிரித்துவிடலாம். காகித விளக்கு போன்ற கூட்டுக்குள் காய் ஒளிந்திருந்தால் அது சொடக்குத் தக்காளி. (நெற்றியில் அடித்து 'டப்' என்று உடைப்பீர்களே, அதேதான்.) ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தண்டில் முள்ளும் இருந்தால் சுண்டை. தரையோடு படர்ந்து, உடம்பெல்லாம் முள்ளும் ஊதாப் பூவும் இருந்தால் கண்டங்கத்திரி. அதன் காயில் தர்ப்பூசணி மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடும்.

சரி, மணத்தக்காளியேதான் என்று உறுதியாகிவிட்டது. அப்போதும் பச்சைக் காயைப் பறித்து வாயில் போடக் கூடாது! அதில் சோலனின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கில் இருப்பதும் இதேதான். நிறையத் தின்றால் வயிற்றுவலி, வாந்தி வரும். பழுக்கப் பழுக்க இது குறைந்துவிடும். "பாட்டி பச்சைக் காயில்தானே வற்றல் போடுகிறார்?" என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான்! ஆனால் பாட்டி அதை உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்து, குழம்பில் கொஞ்சமாகத்தான் போடுகிறார். செடியிலிருந்து கைநிறையப் பறித்துத் தின்பது வேறு கதை.

மணத்தக்காளிக்கு ஆங்கிலத்தில் 'பிளாக் நைட்ஷேட்' என்று பெயர். ஐரோப்பியக் காடுகளில் 'டெட்லி நைட்ஷேட்' என்று இன்னொரு செடி இருக்கிறது. பெல்லடோனா என்பதும் அதுதான். சில பழங்கள் தின்றாலே குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் பெல்லடோனாவின் பூ மங்கிய ஊதா நிற மணி. பழம் கொத்தாக வராது. பச்சை நட்சத்திரத் தட்டில் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும். அந்த நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த அட்ரோபின் மருந்தைத்தான் கண்ணின் பாவையை விரிக்கக் கண் டாக்டர்கள் சொட்டு சொட்டாக விடுகிறார்கள்!

தம்பி, தங்கை யாராவது தெரியாத பழத்தை விழுங்கிவிட்டால் திட்டு விழுமே என்று மறைக்காதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது பூவும் காயுமாக அந்தச் செடியின் கிளை ஒன்றையும் எடுத்துப் போங்கள்.

கீரைக்காரம்மாவிடம் பழுத்த மணத்தக்காளிப் பழம் இரண்டு கேட்டு வாங்குங்கள். பிசைந்து, விதையை நிழலில் உலர்த்தி, தொட்டியில் தூவுங்கள். பூவின் மூக்கைத் தினமும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.