மானைத் தின்றது புலிதானா?



நம் நாட்டுச் சின்னத்தில் கேடயத்தின் இரு புறமும் இரண்டு புலிகள் நிமிர்ந்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தை நான்காம் ஆண்டு வகுப்பறைச் சுவரில் நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து நின்றாள். "சார், நம்ம ஜுருவிலே புலி இருந்ததா?" என்று கேட்டாள்.

டோல் சாவடியையும் தொழிற்சாலைகளையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தானே! எனக்கும் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அன்று மாலை எங்கள் தோட்டத்துப் பழைய வேட்டைக்காரர் ஒருவரைத் தேடிப் போனேன். வயது எண்பதைத் தாண்டியவர். இளவயதில் தோட்டத்துக் கன்றுகளைத் தின்ன வரும் காட்டுப்பன்றிகளை ஒற்றைக்குழல் துப்பாக்கியால் சுட்டவர். லீவு நாள்களில் கூட்டாளிகளோடு பாலிங், கிரிக் பக்கம் போய் மான் வேட்டையும் ஆடியவர்.

"இருந்துச்சு வாத்தியாரே. எங்கப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்போ ராத்திரியிலே உறுமுறது கேக்குமாம். மானும் இருந்துச்சாம். அப்புறம் நான் கிரிக் காட்டுக்குப் போன காலத்திலேயும் ருசா நிறைய. எல்லாத்தையும் இந்தப் புலிதான் தின்னு தீர்த்துடுச்சு" என்றார்.

மறுநாள் வகுப்பில் இதை அப்படியே சொன்னேன். பிறகு, 1950-களில் தீபகற்ப மலேசியாவில் சுமார் 3000 புலிகள் இருந்ததாகச் சொல்லப்பட்டதையும், 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவாகவே இருப்பதாகத் தெரியவந்ததையும் கரும்பலகையில் எழுதினேன். அதே மாணவி மறுபடியும் எழுந்தாள்.

"புலி குறைஞ்சா மான் கூடியிருக்கணுமே சார்?"

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்? புலிதான் மானைத் தின்று தீர்த்தது என்றால், புலி ஒழிய ஒழிய மான் பெருகியிருக்க வேண்டும். ஆனால் நம் காடுகளில் இரண்டும் சேர்ந்தே தேய்ந்துகொண்டிருக்கின்றன. அப்படியானால் மூன்றாவது கை ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

முதலும் வட்டியும்

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த புலி ஒன்றுக்கு வாரத்துக்கு ஒரு மான் அளவு இரை வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் உள்ள இரை விலங்குகளில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கைப் புலி எடுத்தால் மந்தை குறையாது என்பது புலியை ஆராய்ந்தவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. ஆகவே ஒரு புலி வாழ 500 விலங்குகள் வேண்டும். வங்கியில் 500 வெள்ளி முதல் போட்டு, ஆண்டுக்கு 50 வெள்ளி வட்டியை மட்டும் எடுத்துச் சாப்பிடுவது போலத்தான் இது. புலி வட்டியில் வாழ்கிற பிராணி. முதலில் கை வைத்தால் அதற்கே பட்டினி.

மலாய்க்காரர் ருசா என்று சொல்லும் கடமான் ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். சினைக்காலமும் ஏறக்குறைய எட்டு மாதம். பன்றியைப் போல ஒரே ஈற்றில் பல குட்டி போட்டு இழப்பை ஈடுகட்ட அதனால் முடியாது. இந்த நிலையில் வட்டிக்கு மேலே முதலையும் சேர்த்து எடுத்தது யார்? துப்பாக்கியும் கம்பிக் கண்ணியும்தான். அதோடு, பால்மரத்துக்கும் செம்பனைக்கும் சாலைக்கும் அணைக்கட்டுக்கும் என்று காடு துண்டு துண்டானபோது, முன்பு நடந்து எட்ட முடியாத இடத்துக்கெல்லாம் வேட்டைக்காரனுக்கு வழி பிறந்தது.

கண்ணியின் கொடுமை என்ன தெரியுமா? துப்பாக்கி பிடித்தவன் ஆணா பெட்டையா, குட்டியா கிழமா என்று பார்த்துச் சுடலாம். கம்பிக்குக் கண் கிடையாது. சினை மானையும் பிடிக்கும், குட்டியையும் பிடிக்கும், புலியின் காலையும் பிடிக்கும். வைத்தவன் மறந்துபோனாலும் அது மறக்காமல் காத்திருக்கும்.

பரிசுப் பணம் தந்த காலம்

பழியைப் புலிமேல் போடுவது நம் தோட்டத்துத் தாத்தா புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் புலியைக் கொன்றவர்களுக்கு அரசாங்கமே பரிசுப் பணம் கொடுத்தது. அங்கே 1930-இல் கடைசிப் புலியும் சுடப்பட்டது.

தமிழ்நாட்டு நீலகிரியின் கதை இன்னும் படிப்பினை உள்ளது. அங்கே வேட்டைக்காரர்கள் சேர்ந்து 1877-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கடமான் குறைந்து வருகிறதே என்ற கவலை அவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. 1879-இல் வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்க நீலகிரிக்கென்றே தனிச் சட்டமும் வந்தது. இவ்வளவும் நல்ல காரியந்தான். ஆனால் அதே சங்கம் மானைத் தின்னும் செந்நாய்களைக் கொன்று வருபவர்களுக்குப் பரிசும் கொடுத்து வந்தது. "நம் மானை நாய் தின்கிறது" என்பதுதான் வாதம்.

அந்தச் சங்கத்தின் பொறுப்பில் இருந்த குன்னூர் வழக்கறிஞர் ஈ. ஆர். சி. தாவீதார் தாமே வேட்டையாடியவர். காட்டில் உட்கார்ந்து செந்நாய்களைக் கவனித்துப் பார்க்கப் பார்க்க அவர் மனம் மாறியது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, செந்நாய்க்கு வேண்டி எழுதவும் பேசவும் தொடங்கினார். அதே காலத்தில் இன்னொரு தமிழர், நாங்குநேரியில் பிறந்து சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. ஜே. டி. ஜான்சிங், 1970-களின் பிற்பகுதியில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே நடந்து ஆராய்ச்சி செய்தார். செந்நாயின் முக்கிய இரை புள்ளிமான் என்பது அவர் கண்ட உண்மை. ஆனாலும் அந்தக் காட்டில் புள்ளிமான் ஒழிந்துபோகவில்லை. செந்நாயும் புலியும் சிறுத்தையும் இருக்கும் அதே காட்டில் இன்றும் மந்தை மந்தையாக மேய்கிறது. காட்டுக்குக் காவல் இருந்தால் மான் இருக்கும், மான் இருந்தால் மற்றவையும் இருக்கும்.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் உண்டு. ஆல்டோ லியோபோல்ட் என்ற காட்டிலாகா அதிகாரி 1909-இல் அரிசோனாவில் ஓர் ஓநாயைச் சுட்டார். ஓநாய் ஒழிந்தால் மான் பெருகும், வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்று அன்று நம்பினார். பல ஆண்டுகள் கழித்து அதைத் தவறு என்று தாமே எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1949-இல், அந்த எழுத்து நூலாக வந்தது.

வேட்டைக்காரர் பக்க நியாயம்

வேட்டைக்காரர்கள் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. மந்தை ஏற்கெனவே சிறுத்துப்போன இடத்தில், புலி அடிக்கும் ஒவ்வொரு மானும் பெரிய இழப்புத்தான். இன்னொன்றும் சொல்வார்கள். நம் நாட்டில் கடமானையும் கிஜாங்கையும் வேட்டையாட 2009 முதல் ஆறு ஆண்டுகளுக்குத் தடை வந்தது. பிறகு அது 2021 வரை நீட்டிக்கப்பட்டது. "உரிமம் எடுத்து ஒழுங்காகச் சுடுகிறவனைக் கட்டிப்போட்டாச்சு, திருட்டுத்தனமாய்க் கம்பி வைக்கிறவனை யார் பிடிக்கிறது?" என்று அந்தத் தாத்தாவே ஒருமுறை என்னிடம் ஆத்திரப்பட்டார். நியாயமான கேள்வி. கண்ணிகளை அகற்றவும் திருட்டு வேட்டையைத் தடுக்கவும் பெர்ஹிலித்தானும் போலீசும் 2019 முதல் கூட்டு நடவடிக்கை நடத்தி வருகின்றன. முன்னாள் இராணுவத்தினரும் பூர்வகுடியினரும் காட்டுக் காவலுக்குச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தடம் பார்க்கத் தெரிந்த கண்தான் கண்ணியையும் கண்டுபிடிக்கும்!

இது காட்டுக்கு உள்ளேயே முடிகிற விவகாரம் அல்ல. மான் இல்லாத காட்டில் புலி பன்றியை நம்பியது. 2021 முதல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டில் பரவியதில் காட்டுப்பன்றிகளும் மடிந்தன. பசித்த புலி எங்கே போகும்? 2023-இல் கிளந்தான் குவா மூசாங் பகுதியில் புலி தாக்கி மனிதர்கள் உயிரிழந்த செய்தியைப் படித்தபோது, காடு ஓரம் பால்வெட்டப் போகும் நம் மக்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். மானின் குறைவு, விடியற்காலையில் தலை விளக்கோடு நிரைக்குப் போகும் தொழிலாளியின் உயிரைத் தொடுகிறது.

நம் வீட்டுச் சட்டி

அடுத்த வாரம் மறுபடியும் தாத்தாவைப் பார்க்கப் போனேன். அந்த மாணவியின் கேள்வியைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தப் பிள்ளை கேட்டது சரிதான் வாத்தியாரே. ராத்திரியிலே டார்ச்சு அடிச்சா மான் அசையாம நின்னு பாக்கும். ஒரு தரம் சுட்டதை அறுத்துப் பாத்தா வயித்திலே குட்டி. அன்னிக்குக் கூட நாங்க அந்தக் காட்டைவிட்டு வரல. இன்னும் ரெண்டு சுட்டுட்டுத்தான் வந்தோம்" என்றார். சிறிது நேரம் கழித்து, "புலி அப்படிச் செய்யாது" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருபது வயதில் ஒரு கல்யாண வீட்டில், "காட்டுக் கறி, ருசாவாம்" என்று பரிமாறியபோது, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவன் நான். கண்ணி வைத்தவன் எனக்காகத்தான் வைத்தான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

கடந்த தீபாவளிக்குக் கூட ஒரு நண்பர், "ருசா கிடைக்கும், வேணுமா சார்?" என்று கேட்டார். பண்ணையில் வளர்த்து முறையான பத்திரத்தோடு விற்பது வேறு. இது அப்படியா என்று கேட்டேன். சிரித்து மழுப்பினார். வேண்டாம் என்றேன். அவருக்கு மனக்கசப்புத்தான். இருக்கட்டும்.

வாசகர்களே, காட்டுக் கறி உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம். அப்போது கேட்கத் தயங்காதீர்கள். வாங்குகிற கை நின்றால் கண்ணி வைக்கிற கையும் ஒருநாள் நிற்கும். காட்டோரத் தோட்டங்களில் இருப்பவர்கள் கண்ணியைக் கண்டால் தாமே போய்க் கை வைக்காமல் பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்லுங்கள்.

அந்த மாணவியிடம், "ஜுருவில் புலி இருந்தது, அதற்குத் தின்ன மானும் இருந்தது" என்று சொல்லிவிட்டேன். "பெலும் காட்டிலே இப்போ இருக்கா சார்?" என்றாள். இருக்கிறது என்றேன். அவள் என் வயதுக்கு வரும்போதும் அந்தப் பதிலை ஓர் ஆசிரியர் சொல்ல முடிய வேண்டும்.