பழைய கிரில் மெஷின்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின் சிப்காட் வட்டாரத்தில் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர்களை நம்பி உணவுக் கடைகள் பெருகின. கிரில் சிக்கன் போடும் நம் வணிகர்களுக்கு மெஷின் பழசானதும் எழும் கேள்வி இது: இதற்கே செலவு செய்வதா, புதிது வாங்குவதா?

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். கம்பியைச் சுற்றும் மோட்டார், கண்ணாடிக் கதவு, வால்வு, ரப்பர் குழாய் ஆகியவை மாற்றக்கூடியவை. பர்னரில் நீலச் சுடருக்குப் பதில் மஞ்சள் சுடர் வந்து கரி படிந்தால், பெரும்பாலும் கொழுப்பு அடைத்திருக்கும். சுத்தம் செய்தாலே சரியாகலாம். பீங்கான் தட்டு விரிந்திருந்தால் அதை உடனே மாற்ற வேண்டும். இவற்றுக்காக மெஷினையே தள்ள வேண்டியதில்லை.

உள்சுவரும் பர்னர் தாங்கியும் உப்பிலும் கொழுப்பிலும் அரித்து ஓட்டை விழுந்திருந்தால் கதை வேறு. வெல்டிங் வைத்தாலும் பக்கத்துத் தகடு மெலிந்திருப்பதால் மீண்டும் விடும். சூடு வெளியேறும், கொழுப்பு கேஸ் குழாய் பக்கம் ஒழுகினால் தீ ஆபத்தும் உண்டு.

சந்தேகம் இருந்தால் கணக்கு நோட்டைக் கேளுங்கள். பர்னரைச் சரிசெய்த பின், 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு எத்தனை கோழி வெந்தது என்று எழுதி வாருங்கள். உதாரணமாக, முன்பு 120 வெந்தது, இப்போது 100 தான் என்றால், மாதம் 600 கோழி போடும் கடைக்கு 5 சிலிண்டர் போய் 6 ஆகிறது. வருடத்திற்கு 12 சிலிண்டர் வீண்! அந்தத் தொகையைப் புதிய மெஷின் விலையோடு ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும். 5 சதவீத ஜி.எஸ்.டி. வசூலிக்கும் சாதாரண உணவகத்திற்கு உள்ளீட்டு வரி வரவு இல்லை. ஆகவே வரியையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள்.

வாங்கும்போது காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். காந்தம் ஒட்டாததால் அது 304 ரக எவர்சில்வர் என்று ஆகிவிடாது. மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. ரகத்தையும் உத்தரவாதக் காலத்தையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். உதிரி பாகம் அருகில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

எது செய்தாலும், இணைப்பு கொடுத்ததும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்த பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள். வேலையை ஆலை விடுமுறை நாளில் வைத்துக்கொண்டால் வியாபாரமும் கெடாது.