நான்கு இயந்திரங்களும் நின்ற இரவு

சென்ற தவணையில் வெப்ப இயக்கவியல் தாளில் தோல்வியடைந்தேன். இயந்திரப் பொறியியலையே விட்டுவிடலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தபோதுதான், விரிவுரையாளர் ஒருவர் இந்தச் சம்பவத்தை வகுப்பில் விளக்கினார்.

1982 ஜூன் 24. சுபாங் விமான நிலையத்திலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் புறப்பட்டது. அதில் 250க்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஜாவா தீவுக்கு அருகே, 37,000 அடி உயரத்தில், சில நிமிடங்களுக்குள் நான்கு இயந்திரங்களும் அடுத்தடுத்து நின்றுபோயின.

தலைமை விமானி எரிக் மூடி பயணிகளிடம் உண்மையை மறைக்கவில்லை. ஒரு சிறு பிரச்சினை, நான்கு இயந்திரங்களும் நின்றுவிட்டன, மீண்டும் இயக்க முயல்கிறோம் என்று அறிவித்தார்.

காரணம் காலுங்கோங் எரிமலை. வானிலை ரேடார் ஈரப்பதத்தையே காட்டும். உலர்ந்த சாம்பல் அதில் தெரியவில்லை. இயந்திரத்தின் கடும் வெப்பத்தில் சாம்பல் உருகி, உள்ளே ஒட்டிக்கொண்டு காற்றோட்டத்தைத் தடுத்தது.

விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. விமானிகள் இயந்திரங்களை மீண்டும் மீண்டும் முடுக்கிப் பார்த்தார்கள். பலனில்லை. சுமார் 13,500 அடிக்கு வந்தபோது ஓர் இயந்திரம் உயிர்பெற்றது. மற்றவையும் தொடர்ந்தன. அவற்றுள் ஒன்று மறுபடியும் பழுதாகி நிறுத்தப்பட்டது. சாம்பல் உராய்ந்து மங்கிய முன்கண்ணாடியோடு விமானம் ஜகார்த்தாவில் தரையிறங்கியது. அனைவரும் உயிர் தப்பினர்.

முன்பு பலிக்காத அதே முயற்சி பிறகு எப்படிப் பலித்தது? விமானம் சாம்பல் மேகத்தை விட்டு வெளியேறியிருந்தது. நின்றுபோன இயந்திரங்கள் குளிர்ந்ததால், ஒட்டியிருந்த சாம்பல் இறுகி, உடைந்து உதிர்ந்தது. முயற்சி மட்டும் போதவில்லை. சூழலும் மாற வேண்டியிருந்தது. ஆனால் முயல்வதை இடையில் கைவிட்டிருந்தால், சூழல் மாறியும் பயனிருந்திருக்காது.

உலகமும் இதிலிருந்து பாடம் கற்றது. இன்று எரிமலைச் சாம்பலைக் கண்காணித்து விமானங்களை எச்சரிக்க ஒன்பது மையங்கள் உள்ளன. நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் வான்வெளியை டார்வின் மையம் கவனிக்கிறது.

அன்றிரவு என் பழைய விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். சூத்திரங்களை மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, எதையும் புரிந்துகொள்ளவில்லை. அதுதான் என் சாம்பல் மேகம். அதே முறையில் பத்து முறை படித்தாலும் தேறியிருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் மறுதேர்வு. இப்போது ஒவ்வொரு கணக்கிலும் 'ஏன்' என்று கேட்டுப் படிக்கிறேன். நண்பர்களே, தோல்வி வந்தால் மீண்டும் முயலுங்கள். அதோடு, எந்த மேகத்துக்குள் இருக்கிறோம் என்பதையும் ஒருமுறை பாருங்கள்.