திரையில் கலர் வேணுமா, பெரிய புரோகிராம் வேணுமா? 1984 கம்ப்யூட்டர் கணக்கு

டார்க் மோடா, லைட் மோடா என்பது இன்று கோடிங் செய்பவரின் ரசனை. 1984-ல் அப்படியில்லை. நிறத்துக்கு மெமரியில் விலை கொடுக்க வேண்டும்.

மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டம் அப்போதுதான் தொடங்கியது. முதல் கட்டமாக 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ வந்தது. பிரிட்டனில் வீட்டு டிவியோடு இணைத்துப் பயன்படுத்திய கம்ப்யூட்டர் அது. மொத்த ரேம் 32 கேபி.

நிறம் மாற்றுவது எப்படி?

‘மோட் 2’ என டைப் செய்தால் 8 நிறங்கள் கிடைக்கும். ‘கலர் 1’ என்றால் எழுத்து சிவப்பாகும். ‘கலர் 129’ என்றால் எழுத்தின் பின்னணி சிவப்பாகும். ஆனால், திரைக்கே 20 கேபி போய்விடும். மீதி 12-லும் கம்ப்யூட்டர் தன் வேலைக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். புரோகிராம் நீளமானால் ‘மோட் 7’தான் வழி. அதன் திரைக்கு 1 கேபி போதும்.

எந்த கீ எதற்கு?

ஓடும் புரோகிராமை நிறுத்த எஸ்கேப். மேலே இருக்கும் 10 சிவப்பு கீகளில் அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளைப் பதிந்துகொள்ளலாம்.

கை தவறி பிரேக் கீயை அழுத்திட்டா?

எழுதியதெல்லாம் காணாமல் போகும். பதற வேண்டாம். வேறெதுவும் டைப் செய்யாமல் ‘ஓல்டு’ என்று அடித்தால் புரோகிராம் திரும்பி வரும். கரன்ட் போனால் மட்டும் ‘ஓல்டு’ கைகொடுக்காது. முன்பே கேசட்டில் சேமித்திருந்தால்தான் பிழைத்தோம்.