எல்லைப்புற உபாத்தியாயரின் பனிக்காலம்

தில்லியிலோ கல்கத்தாவிலோ குடியிருக்கும் நம்மவர்களிடம், "கேரளத்திலும் குளிர் உண்டு" என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். கேரளம் என்றதும் தென்னையும் ஓடமும் ஓயாத மழையுமே அவர்கள் நினைவுக்கு வரும். ஆனால் பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரையில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் பிரதேசத்தில் ஒரு மார்கழியையும் ஒரு தையையும் கழித்தவர் எவரும் அப்படிச் சிரிக்கமாட்டார். அங்கே பனிக்காலம் இரண்டு உருவங்களில் வருகிறது. பாலக்காட்டில் காற்றாகவும், மூணாற்றில் உறைபனியாகவும் வருகிறது. மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சற்றே தாமதிக்கலாம். பத்து மணிக்கு மணி அடித்தாக வேண்டிய உபாத்தியாயருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகையால் அப்பகுதிக் குளிரைப் பற்றி அறிய விரும்புகிறவர் அங்குள்ள தமிழ்ப் பள்ளி ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பள்ளிகளில் பழகியவர்கள் என்ற உரிமையில் நாம் சில செய்திகளைச் சொல்கிறோம்.

எல்லையின் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரள மாநிலம் அமைந்தது. அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் ஜில்லாவில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த சித்தூர், தேவிகுளம், பீர்மேடு முதலிய தாலுகாக்களும் அதில் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் யாரைச் சேர வேண்டும் என்று அந்நாளில் எழுந்த வாதம் முதியவர்களுக்கு நினைவிருக்கும். அம்மலைத் தாலுகாக்கள் 1972 ஜனவரி 26-இல் உருவான இடுக்கி மாவட்டத்தில் அடங்கின. கோடு விழுந்ததே தவிர, வீட்டுப் பேச்சு மாறவில்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக் கிராமங்களிலும் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் திரளான குழந்தைகள் இன்றும் தமிழிலேயே பேசி வளர்கிறார்கள். மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350-ஏ என்னும் பிரிவு சேர்ந்ததும் அதே 1956-இல்தான். கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வையும் தமிழிலேயே எழுதலாம்.

இனிக் காற்றுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில்போல் நிற்கிறது. அந்த மதிலில் உள்ள பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த நிலம். ஆடி மாதத்தில் இவ்வாசல் வழியே மேல்காற்று கோயம்புத்தூருக்குப் போய் அவ்வூரைக் குளிர்விக்கிறது. கார்த்திகை பிறந்ததும் காற்று திரும்பிவிடுகிறது. வாடைக்காற்று தன்னிடமிருந்த ஈரத்தைத் தமிழ்நாட்டில் கொட்டிவிட்டு, கொங்கு நாட்டு வறண்ட வெளியில் தவழ்ந்து, கணவாயின் குறுகலில் நெருக்குண்டு வேகம் கொள்கிறது. புனலின் வாயில் ஊற்றிய நீர் குழலில் விரைவதைப் போன்றதே இது. மலையாளிகள் இதனை விருச்சிகக் காற்று என்பார்கள். விருச்சிகம் என்பது நம் கார்த்திகை. இக்காற்றை நம்பியே கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நிறுவியிருக்கிறார்கள்.

காற்றாலைக்கு நன்மை செய்யும் காற்று உபாத்தியாயருக்கு நன்மை செய்ய வேண்டும் என்ற நியதி இல்லை. பாலக்காட்டு நகரில் குடியிருந்து, கிழக்கே எல்லைப்புறக் கிராமத்துப் பள்ளிக்குச் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ போகிறவர், போகும்போதெல்லாம் எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டே போகிறார். மாலையில் அதே காற்று முதுகில் கைவைத்து வீடு சேர்க்கிறது. அலுத்துத் திரும்புகிறவருக்கு இயற்கை செய்யும் உபகாரம் என்றுதான் இதைக் கொள்ள வேண்டும். குடையை அந்நாட்களில் எவரும் எடுப்பதில்லை. எடுத்தால் அது தாமரைப் பூவாக மலர்ந்துவிடும். வகுப்பறையில் வருகைப் பதிவேட்டின் மேல் ஒரு கல், விடைத்தாள் கட்டின் மேல் ஒரு கல், வரைபடத்தின் கீழ்க்கோடியில் ஒரு கல் என்று கற்களைச் சேகரித்து வைப்பார்கள். கிழக்கு ஜன்னலைத் திறந்தால் சுண்ணக்கட்டித் தூள் கண்ணில் விழும், மூடினால் இருட்டு. பிள்ளைகளின் உதடுகள் வெடித்துச் சிரிக்கவும் முடியாமல் இருக்கும். காற்றில் ஈரமில்லாததால் தோலின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. குளிரைக் காட்டிலும் வறட்சியே இங்கே துன்பம். தேங்காய் எண்ணெயைத் தடவினால் ஆறும். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அந்த எண்ணெய் உறைந்துவிடும். அதிகாலையில் அவசரமாகத் தலைக்கு எண்ணெய் வைக்க நினைக்கிறவர் குச்சியால் சீசாவைக் குத்திக்கொண்டு நிற்பார்.

இக்காற்றையும் ஓர் உபாத்தியாயரையும் இணைத்துப் புகழ்பெற்ற மலையாள நாவல் ஒன்றுண்டு. பாலக்காட்டை அடுத்த தஸ்ராக் என்னும் கிராமத்தில் 1956-இல் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் தம் சகோதரி வேலை பார்த்தபோது, ஓ. வி. விஜயன் அங்கே போய்த் தங்கினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்து 1969-இல் நூலாக வெளிவந்ததே 'கசாக்கின் இதிகாசம்'. யூமா வாசுகியின் தமிழாக்கத்தில் நம்மவர்களும் அதனைப் படிக்கலாம். பனை மரங்களில் காற்று அலையும் ஓசை அதில் எங்கும் கேட்பதற்குக் காரணம் மேலே சொன்ன கணவாயே என்பது நம் எண்ணம்.

பாலக்காட்டுக்குத் தெற்கே ஆனைமலைத் தொடரைத் தாண்டினால் மூணாறு. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அருகில் நிற்க, ஊர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியரின் முதல் சங்கடம் பள்ளியில் அன்று, அடுப்படியில் ஆரம்பமாகிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலையும் இறங்குகிறது. மூணாற்றில் நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தில் தளதளவென்று கொதி காணும், பருப்போ வேகாது. கொதிப்பதை நம்பி இறக்கிச் சாப்பிட்டவர் பிற்பகல் வகுப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெருக்கல் வாய்பாடு சொல்லிக் கொடுப்பார். ஆவி வெளியேறாமல் அழுத்தும் குக்கர் இங்கே ஆடம்பரப் பொருள் அன்று. இட்லி மாவு இரவெல்லாம் வைத்தாலும் புளிக்காது. பாலில் விட்ட உறை மோர் காலையிலும் பாலாகவே இருக்கும். மாவையும் பாலையும் மாற்றும் நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பு வேண்டும். அனுபவசாலிகள் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பின் பக்கத்தில் வைப்பார்கள். உபாத்தியாயருக்கு இருப்பது ஒரே கம்பளி. அதைப் பால் எடுத்துக்கொண்டால் அவர் என்ன செய்வார்?

டிசம்பரில் மூடுபனி கரும்பலகையின் மேலும் படிகிறது. பாலக்காட்டில் தூளாகப் பறந்த அதே சுண்ணக்கட்டி இங்கே ஈரத்தில் வழுக்கி, எழுத்தே விழாமல் போகிறது. அதனால் பல ஆசிரியர்கள் சுண்ணக்கட்டியைச் சட்டைப் பையில் வைத்து உடற்சூட்டில் காயவைக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் வந்து குவியும் காலமும் அதுவே. பந்துமுனைப் பேனாவின் மை குளிரில் கெட்டித்துப் போவதால், இரண்டு தாளுக்கு ஒருமுறை பேனாவை உள்ளங்கையில் உருட்ட வேண்டியிருக்கிறது. மூடுபனியில் வழியில் யானை நிற்பதும் தெரியாது. மூணாற்று மக்கள் திரைப்படத்தின் பெயரால் 'படையப்பா' என்று அழைக்கும் காட்டு யானை ஒன்று சாலையில் நின்றால், பேருந்தும் நிற்கும். பள்ளி மணியும் காத்திருக்கும். இந்தத் தாமதத்துக்கு விளக்கம் கேட்பவர் அவ்வூரில் எவரும் இல்லை.

உடம்பைத் தவிர மொழியும் இக்காலத்தில் ஒரு வேடிக்கை செய்கிறது. நமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். தோட்டத்துப் பையன் ஒருவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. "பனி அதிகமாக இருப்பதால் மகனை அனுப்பவில்லை" என்று அவன் தாயார் ஒரு துண்டுக் கடிதம் கொடுத்தனுப்பினார். தலைமையாசிரியை மலையாளி, தமிழ் எழுத்து அறியாதவர். நாம் கடிதத்தை வாய்விட்டுப் படித்தோம். "அய்யோ, மூன்று திவசமாய்ப் பனியோ!" என்று அவர் பதறி, உடனே சுகாதார நிலையத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டார். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். நாம் பனி என்று சொல்வதை அவர்கள் 'மஞ்ஞு' என்பார்கள். நமக்கு இது தெரியும். ஆயினும் அந்த வேளையில் தோன்றவில்லை. செவிலியம்மையார் மூச்சு வாங்க மலையேறிப் போனபோது, அன்றுதான் தலைகாட்டிய வெயிலில் பையன் கோலி விளையாடிக்கொண்டிருந்தானாம்.

பின்னர் அவனிடம் விசாரித்தோம். அவனுக்கு இருந்த ஒரே கம்பளிச் சட்டையைத் துவைத்துப் போட்டார்கள். மூன்று நாளாகியும் அது உலரவில்லை. சட்டை உலர்ந்ததும் வந்துவிட்டான். அன்று முதல் "பனி" என்று எவர் சொன்னாலும், "எந்த மொழிப் பனி?" என்று கேட்பது நம் பள்ளியில் வழக்கமாயிற்று.

ஜனவரியில் மூடுபனி விலகி வானம் தெளிகிறது. பார்ப்பதற்கு அழகான அந்தத் தெளிவிலேதான் அபாயம் இருக்கிறது. மேகம் என்னும் போர்வை இல்லாத இரவில், தரை பகலில் பெற்ற சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தாக்கில் குளம்போல் தேங்குகிறது. ஆகையால் மேட்டிலுள்ள லயத்தில் குளிர் பொறுக்கக்கூடியதாக இருக்க, பள்ளத்திலுள்ள பள்ளிக்கூடத்துப் புல்வெளி உப்புத் தூவினாற்போல் வெளுத்திருக்கும். 2019 ஜனவரியில் இந்த உறைபனி பல நாட்கள் தொடர்ந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 3 டிகிரி வரையில் சில இடங்களில் வெப்பம் இறங்கியது. அதைப் பார்க்க வெளியூர்க் கார்கள் திரளாக வருகின்றன. அவற்றின் பின்னால் சிக்கிக்கொண்ட பேருந்தில், நின்றபடியே உபாத்தியாயர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பயணிகள் புகைப்படம் எடுக்கும் அந்த வெண்மை தேயிலைக்குத் தீ. இலையின் உள்ளே நீர் உறையும்போது அதன் நுண்ணறைகள் சேதமடைகின்றன. வெயில் ஏறியதும் இலை கருகி நிற்கும். செடி மறுபடி துளிர்க்கச் சில வாரங்கள் ஆகும். தோட்டத்தில் நாட்கூலி ஒரு பங்கு. குறித்த அளவுக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்குக் கிடைக்கும் காசு மற்றொரு பங்கு. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் தாங்களாகவே திரண்டு வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாயாக இருந்தது. கூலி இத்தகையதானால், கொழுந்துக்காசு நின்ற மாதம் எப்படிக் கழியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகம் தீர்ந்து பத்து நாளாகியும் புதிது வாங்காத பிள்ளைகளைக் கண்டால், எந்தத் தோட்டத்தில் பனி விழுந்தது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

அப்போது பொங்கல் வருகிறது. இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட கேரளத்தின் 6 மாவட்டங்களில் அதற்கு உள்ளூர் விடுமுறை உண்டு. விடுமுறை ஒரு நாள்தான். ஆனால் மலைத் தொழிலாளர்களில் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்தில் இருக்கிறது. போடிமெட்டு வழியாக இறங்கிப் போய்ப் பொங்கல் வைத்துத் திரும்ப ஒரு நாள் எப்படிப் போதும்? பிள்ளைகள் ஒரு வாரம் வரமாட்டார்கள். சிலர் வரவே மாட்டார்கள். கருகிய தோட்டத்தை எண்ணி, பாட்டி வீட்டிலேயே பிள்ளையை விட்டுவரும் பெற்றோர் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் லயத்து வீட்டை விட வேண்டியிருப்பதால், குடும்பத்தோடு இறங்கிவிடுவோரும் உண்டு.

ஒரு பிள்ளை குறைவதால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் இடங்கள் நிர்ணயமாகின்றன. இருபது பேர் இருந்த தமிழ் வகுப்பில் நால்வர் குறைந்தால், ஐந்தாம் ஆண்டில் வகுப்பு இருக்குமா என்பது கேள்வி. ஜூனில் எண்ணுவது அதிகாரிகள். உபாத்தியாயர் ஜனவரியிலேயே எண்ணத் தொடங்கிவிடுகிறார்.

பொங்கல் கழிந்து வரும் திங்கட்கிழமை காலையில் அவர் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படிக்கிறார். "உள்ளேன் ஐயா" என்ற குரல்களோடு வாயிலிருந்து புகைபோல ஆவி எழுகிறது. பதில் வராத பெயருக்கு எதிரே அவர் உடனே குறி இடுவதில்லை. மை உறைந்திருக்கிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, பேனாவை உள்ளங்கையில் வைத்து உருட்டுகிறார். போடியிலிருந்து வரும் முதல் வண்டி இன்னும் வந்து சேரவில்லை.