உஷார்! ‘மைல்டு’ என்று முத்திரை குத்தியது யார்?

பிள்ளை ரோப்ளாக்ஸ் ஆடுகிறாள். ஆட்டத்தின் பக்கத்தில் ‘மைல்டு’ என்று போட்டிருக்கிறது. அப்பாடா என்று அடுப்படிக்குத் திரும்பிவிடாதீர்கள். அந்த லேபிள் எந்தத் தணிக்கைக் குழுவும் பார்த்துக் கொடுத்ததல்ல. ஆட்டத்தை உருவாக்கிய ஆசாமியே ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்கியது.

ரோப்ளாக்ஸ் என்பது ஒரு கேம் அல்ல. 2006-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட தளம். அதிலுள்ள ஆட்டங்களை ஆடுகிறவர்களே செய்து போடுகிறார்கள். பெரிய ஸ்டூடியோவும் செய்யலாம், எட்டாம் வகுப்புப் பையனும் செய்யலாம். கோடிக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. 2025-ன் மூன்றாம் காலாண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 15 கோடிப் பேர் உள்ளே வந்து போனதாக நிறுவனமே கணக்குச் சொன்னது. இத்தனையையும் ஆள் வைத்து ஆடிப் பார்த்து ரகம் பிரிப்பது நடக்கிற காரியமா? அதனால்தான் கேள்வித்தாள். சண்டை உண்டா, ரத்தம் தெரியுமா, பயமுறுத்தும் காட்சி உண்டா, சூதாட்டம் உண்டா, குடி உண்டா என்று கேட்கும். சொல்கிற பதிலைப் பொறுத்து மினிமல், மைல்டு, மாடரேட், ரெஸ்ட்ரிக்டட் என்ற நான்கில் ஒன்று விழும். பொய் சொல்லி மாட்டினால் நடவடிக்கை உண்டு. மாட்டும்வரை?

முன்பெல்லாம் 9+, 13+ என்று வயதைப் போட்டிருந்தார்கள். எந்தப் பாட்டிக்கும் புரியும். 2024 கடைசியில் வயதை எடுத்துவிட்டு இந்த வார்த்தைகளை வைத்தார்கள். பிள்ளைக்குப் பிள்ளை பக்குவம் வேறு, பெற்றோரே முடிவு செய்யட்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். எனக்கென்னவோ இது பின்னோக்கி வைத்த அடியாகத்தான் படுகிறது. மைல்டுக்கும் மாடரேட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பத்து அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, கேள்வித்தாளில் எல்லாரும் உண்மையே எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆபத்து போகாது. ‘புரூக்ஹேவன்’ மாதிரியான ரோல்பிளே ஆட்டங்களைப் பாருங்கள். கதை கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது. ஒரு ஊர், வீடுகள், கார்கள், அவ்வளவுதான். வருகிறவர்கள் அம்மாவாக, போலீஸாக, திருடனாக வேஷம் கட்டிக்கொண்டு கதையை அங்கேயே உண்டாக்குகிறார்கள். கல்யாண மண்டபத்துக்கு லைசென்ஸ் கொடுப்பவர் தூணையும் கூரையையும்தான் பார்ப்பார்; ராத்திரி யார் வந்து என்ன கச்சேரி நடத்துவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. லேபிளும் அப்படித்தான். முன்பின் தெரியாத பத்திருபது பேர் சேர்ந்து இன்று சாயந்திரம் என்ன வேஷம் கட்டுவார்கள் என்பது எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை.

சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். 2023 ஜனவரியில் 16 வயதுப் பையன் ஒருவன் மீது அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. ரோப்ளாக்ஸுக்குள் ஐஎஸ்ஐஎஸ் பாணியில் அமைக்கப்பட்ட சர்வர்களில் அவன் சேர்ந்திருந்தான். சிரியாவையும் பிலிப்பைன்ஸின் மராவி நகரத்தையும் போலவே அங்கே போர்க்களம் கட்டியிருந்தார்கள். அதில் இயக்கத்தின் பேச்சாளராகவும் தலைமைப் பிரசாரகராகவும் வேஷம் கட்டியவன், தன்னை நிஜமாகவே அந்த இயக்கத்து ஆளாக நினைக்க ஆரம்பித்துவிட்டான். பையன் ஏதோ கேம் ஆடுகிறான் என்றுதானே வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தோன்றியிருக்கும்?

அமெரிக்காவில் இன்னும் மோசம். கொலம்பைன், யுவால்டி பள்ளித் துப்பாக்கிச்சூடுகளை ரோப்ளாக்ஸில் மறுபடி கட்டி, சுடுகிறவனாக ஆட வைக்கும் ஒரு கும்பலைப் பற்றி 2025-ல் அவதூறு எதிர்ப்பு லீக் என்ற அமைப்பு விரிவாக அம்பலப்படுத்தியது. ‘காண்டோ’ என்று பிள்ளைகளுக்குள் பேசிக்கொள்ளும் சமாசாரம் இன்னொன்று. பெயரைக் கேட்டால் அடுக்குமாடி வீடு, உள்ளே ஆபாசம். நிறுவனம் கண்டுபிடித்து நீக்குவதற்குள் கூட்டம் வந்து போய்விடும். அடுத்த பெயரில், அடுத்த அக்கவுண்டில் அதே அறை மறுபடி முளைக்கும்.

நிறுவனம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 13 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், அரட்டைக்காகவே கூடும் ‘ஹேங்அவுட்’ ஆட்டங்களுக்குள் போகமுடியாதபடி 2024 நவம்பரில் தடுத்தார்கள். 2025 ஆகஸ்டில், அமெரிக்காவின் லூசியானா மாநிலம் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்ட அடுத்த சில நாட்களில், இன்னும் இறுக்கினார்கள். லேபிள் வாங்காத ஆட்டத்தை அதை உருவாக்குகிறவர்களைத் தவிர யாரும் திறக்க முடியாது. படுக்கையறை, குளியலறையை மையமாக வைத்த ஹேங்அவுட்டுக்கு 17 வயது நிரம்பியதற்கு அடையாளச் சான்று வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல விதிகள்தான். ஆனால் 13 வயது விதி நிற்பது அக்கவுண்டில் எழுதியிருக்கும் பிறந்த தேதியில். அந்தத் தேதியைப் போட்டது யார்? பல வீடுகளில் பிள்ளையே. சில வீடுகளில், தொல்லை விட்டால் போதும் என்று 2005 என்று தட்டிவிட்ட அப்பா.

சாட் செய்ய வேண்டுமானால் கேமராவில் முகம் காட்டி வயதைச் சோதிக்கும் முறையும் வந்திருக்கிறது. இங்கேதான் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும். பிள்ளை, “அம்மா, கேமரா கேக்குது, கொஞ்சம் பாரேன்” என்று போனை நீட்டினால் உங்கள் முகத்தைக் காட்டிவிடாதீர்கள். அந்த நிமிடமே உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளை பெரியவர்கள் கூட்டத்தில் ஒருவராகிவிடும்.

இன்றைக்கே அந்த அக்கவுண்டைத் திறந்து பிறந்த தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் திருத்துங்கள். உங்களுக்கென்று ஒரு பெற்றோர் அக்கவுண்ட் தொடங்கி பிள்ளையுடையதோடு இணையுங்கள். அடையாள அட்டையோ கிரெடிட் கார்டோ கேட்கும். அதன் பிறகு எந்த லேபிள் வரை போகலாம் என்பதை நீங்கள் பூட்டலாம், நண்பர்கள் பட்டியலையும் எவ்வளவு நேரம் ஆடுகிறாள் என்பதையும் பார்க்கலாம். ஆட்டத்தின் பக்கத்தில் லேபிளோடு நிற்காமல் கீழே இருக்கும் விவரத்தையும் படியுங்கள். இதையெல்லாம்விட முக்கியம், பிள்ளை வழக்கமாக ஆடும் அதே நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்ப்பது. காலை பத்து மணிக்கு நீங்கள் தனியாகத் திறந்து பார்த்தால் வேறு ஆட்கள்தான் இருப்பார்கள். “இங்க வேண்டாம், டிஸ்கார்டுக்கு வா” என்று வேறொரு அரட்டைத் தளத்துக்கு யாராவது கூப்பிடுவது கண்ணில் பட்டால் அதை லேசாக விடாதீர்கள்.

தப்பான அறை என்று தெரிந்தால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் ஆட்டத்தின் பெயர், உருவாக்கியவரின் பெயர், சாட்டில் பேசியவரின் பெயர், நேரம் நான்கையும் குறித்துக்கொண்டு ரிப்போர்ட் பட்டனை அழுத்துங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பேசலாம். மற்ற அம்மாக்களை எச்சரிக்கிறேன் என்று அங்கே பார்த்ததைப் படம் பிடித்து ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசமாக இருந்தால் அதைப் பரப்புவதும் சட்டப்படி குற்றம். விவரத்தைக் குறிப்பதில் தாமதமும் வேண்டாம். அந்த அறை நாளைக்கு அங்கே இருக்காது.